ஷ்யாமளாவின் ‘அப்பறம்’

ஷ்யாமளா வெந்தயக் குழம்புக்குத் தாளித்தால் பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷனில் லோகல் வண்டி அரை நிமிஷம் கூடுதலாக நிற்கும். இதைச் சொன்னவன் அவள் புருஷன் சந்திரமௌலி. ரயில்வேயில் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறவனே சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கு அருகதை? தாதருக்குப் போக வேண்டியவர்கள் மாட்டுங்காவிலேயே இறங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு திசை தெரியாமல் நின்ற நாட்களும் உண்டு.

அப்பேர்ப்பட்ட குழம்பை ருசி பார்க்காதவள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான். தாளித்த அந்த ஷ்யாமளாவேதான்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அவள் பரிமாறுகிறவள். பரிமாறுகிறவளுக்கு மாட்டுங்காவில் ஒரு சௌகரியம் உண்டு. கரண்டியைக் கையில் பிடித்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, “நீங்க சாப்பிடுங்கோ, நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டால் போதும். ஊரிலிருந்து வந்துபோகும் மாமியார் முதல் மாடி வீட்டு மாமி வரை, “என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு!” என்று உருகிப் போவார்கள். அந்த ‘அப்பறம்’ எப்போது வரும் என்று ஒரு பிராணி கேட்டதில்லை. அது வரவும் இல்லை. ஒரு டம்ளர் மோர், அரை வாழைப்பழம், மீதிப் பொழுது பெருமூச்சு.

கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். அங்கேயும் அவள் டப்பாவைத் திறந்ததும் ஆறு கைகள் உள்ளே நுழையும். அவள் டப்பாவால் அந்த செக்‌ஷனே இரண்டு சுற்றுப் பெருத்தது. மேனேஜரின் நாற்காலியை இரண்டு தடவை மாற்றினார்கள்.

ஷ்யாமளாவுக்கு ரகசியமாக ஒரு கோயில் இருந்தது. மாட்டுங்கா பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் மிஷின். ஏறி நின்று காசு போட்டால் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் துள்ளும், சக்கரம் சுற்றும், டக்கென்று ஓர் அட்டை டிக்கெட் விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எட்டு இருபத்திரண்டு வண்டிக்கு முன்னால் தினமும் அவள் அதில் ஏறினாள். நம்பர் குறைந்திருந்தால் டிக்கெட் வீட்டிலுள்ள பிஸ்கட் டின்னுக்குப் போகும். ஏறியிருந்தால் நாலாகக் கிழிந்து தண்டவாளத்துக்குப் போகும். அன்றைக்கு முழுக்க அவளுக்கு உலகமே கசக்கும்.

இது நடந்துகொண்டிருந்தது எண்பத்தைந்தாம் வருஷம் ஜூன் வரைக்கும். ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் வாரம், மகள் அபயாம்பாள் வேலையைக் காட்டினாள்.

அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை அப்படியே தூக்கி வைத்ததால் இத்தனை நீளம். உருவம் என்னவோ ஏழு வயசுக்கு உரியதுதான். வீட்டில் அபி. அபியின் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனது போலவே திரும்பி வந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினாள். சந்திரமௌலி டானிக் வாங்கினான். டானிக்கும் அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்த ஷ்யாமளா கதவருகிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் நாலு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரே பாட்டில் மூடிகளில் சாதம். அபி, துண்டை இடுப்பில் செருகி, கையில் ஸ்பூனோடு குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். கரடி பொம்மை ஏதோ உபசாரம் சொல்லியிருக்க வேண்டும். அபி தலையைச் சாய்த்து, தாயின் அதே குரலில், அதே அலுப்பில், அதே சிரிப்பில் சொன்னாள்:

“நீங்க சாப்பிடுங்கோ. நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டு அபி திரும்பிப் பார்த்து, “அம்மா! உன் பிரைஸ் டிக்கெட்டெல்லாம் நான் அடுக்கி வெச்சிருக்கேன் பாரு!” என்றாள்.

சுவரோரமாக அலமாரியிலிருந்து சமையலறை வரை, பிஸ்கட் டின்னின் சொத்து முழுவதும் வரிசையாகக் கிடந்தது. பெரிய நம்பரில் ஆரம்பித்துச் சின்ன நம்பரில் முடிந்தது. கிழித்துப் போட்டவை போக மிச்சம் இருந்தவை அப்படித்தானே இருக்கும்!

“கொறைஞ்சுண்டே போனா பிரைஸாம்மா? எனக்கும் இந்த மாதிரி வருமா?”

அன்றைக்கு ஷ்யாமளா அழுத அழுகை முலுண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். நல்ல வேளையாக மழை பெய்துகொண்டிருந்தது. தன் வயிற்றுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று பத்து வருஷம் இருந்தவள், இந்தக் குழந்தையின் வயிறு தன் வழிக்கு வரக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள். அது மட்டும்தான் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

திங்கட்கிழமையே அபியை இழுத்துக்கொண்டு சயானில் டாக்டர் ராஜலக்ஷ்மியிடம் போனாள். டாக்டர் அம்மாளுக்கு ஐந்தடி உயரம், ஏழடி குரல். அபியின் நாக்கைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், வயிற்றைத் தட்டினாள். பிறகு அபியை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

“குழந்தைக்கு ஒண்ணுமில்லை. நீ இன்னிக்கு என்னம்மா சாப்பிட்டே?”

“நானா? நான் அப்பறம்...” என்று ஆரம்பித்து ஷ்யாமளா நிறுத்தினாள்.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி கேட்டுவிட்டாள். அரை மணி நேரம் ஷ்யாமளா பேசினாள். வெளியே பதினாலு பேஷண்ட்டுகள் உறுமினார்கள். கடைசியில் டாக்டர் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னாள்.

“இது பிடிவாதம் இல்லை, விரதமும் இல்லை. வியாதி. இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு. வெள்ளிக்கிழமைதோறும் நீ தனியா என்கிட்ட வரணும். புதன்கிழமை சாயங்காலம் அம்மாக்கள் கூட்டம், அதுக்கும் வரணும். அபியை அழைச்சுண்டு வராதே. அவளுக்கு வைத்தியம் உன் சாப்பாட்டுத் தட்டுலதான் இருக்கு.”

புதன்கிழமைக் கூட்டத்தில் ஏழு அம்மாக்கள். ஷ்யாமளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாயிரா. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த மன்சூர் அலியின் மனைவி, ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்தில் சொந்தக் கதையைச் சொல்லிவிட்டாள்.

“ஒங்களுக்கு நேர் எதிரு நான், மாமி. எல்லாரும் தின்ன பொறவும் நீங்க திங்க மாட்டிய. எல்லாரும் கீழ பட்டறைக்கு எறங்கின பொறவுதான் நான் திம்பேன். நிப்பாட்டத் தெரியாது. காரி பிஸ்கோத்து ஒரு டின்னு இருந்தா டின்னுதான் மிச்சம். பொறவு உக்காந்து அழுவேன்.”

“மாமின்னு கூப்பிடாதீங்கோ. உங்களைவிட எனக்கு ரெண்டு வயசுகூட ஜாஸ்தி இருக்காது.”

“சரி மாமி. இதக் கேளுங்க. எம்மவ ரஷீதாவும் என்னய மாதிரி ஆயிரக் கூடாதுன்னு அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். எட்டு வயசுக்காரி. இப்பம் பின்னூசியால பூட்டத் தொறக்கா. பட்டறையில சாவி தொலைஞ்சா அவளத்தான் கூப்பிடுதாவ!”

டாக்டர் மேஜையைத் தட்டினாள். “ஒருத்தி சாப்பிடறதே இல்லை, ஒருத்திக்கு நிறுத்த முடியலை. ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கற இடம் ஒண்ணுதான். யாரும் பார்க்காத நேரம். அதனால வீட்டுப்பாடமும் ஒண்ணுதான். என்ன சமைக்கறது, எப்ப சாப்பிடறது, அது உங்க பொறுப்பு. எவ்வளவு சாப்பிடறதுங்கறது குழந்தை பொறுப்பு. நடுவுல போலீஸ் வேலை கூடாது. பூட்டு கூடாது, கெஞ்சல் கூடாது, எடை, குண்டு, ஒல்லி எதுவும் பேசக் கூடாது. தினம் ஒரு வேளை குழந்தையோட உட்கார்ந்து, அது சாப்பிடறதையே நீங்களும் சாப்பிடணும்.”

இதை ஒரு மனுஷியிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மாட்டுங்காவிடம் சொல்லிவிட்டாள். மாட்டுங்காவுக்கு வீட்டுப்பாடம் என்று எதையாவது கொடுத்தால் முதல் ராங்க் வாங்காமல் விடுமா?

மறுநாளே ஷ்யாமளா சுவரில் டைம்டேபிள் ஒட்டினாள். ஏழு கறி, மூன்று பச்சடி, இரண்டு பாயசம். மேஜையில் வைக்க இடமில்லாமல் ரசம் ரேடியோப் பெட்டி மேல் உட்கார்ந்தது. சந்திரமௌலி தன் பங்குக்கு ஆபீஸிலிருந்து கிராஃப் பேப்பர் கொண்டுவந்தான். அபி சாப்பிட்ட தோசைத் துண்டுகளுக்குப் பச்சைக் கோடு, ஷ்யாமளா சாப்பிட்டதற்குச் சிவப்புக் கோடு. அப்பாவும் அம்மாவுமாக அபியின் வாயைப் பார்த்த பார்வையில் தோசைக்கே கூச்சம் வந்திருக்கும். ஷ்யாமளா ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மென்று, அழகாகச் சிரித்து, “ஆஹா, என்ன ருசி!” என்றாள். அபி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, உனக்கு வயித்த வலியா?”

பச்சைக் கோடு விழுந்தது. சிவப்புக் கோடு அதற்கு முன்பே விழுந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை கிராஃப் பேப்பரைப் பார்த்து சாயிரா சிரித்த சிரிப்பில் சயான் ஸ்டேஷன் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின.

“யா அல்லா! மாமி, புள்ளைக்குச் சோறு போடுதியளா, ரிசல்ட்டு போடுதியளா?”

“பின்ன எப்படித்தான் செய்யறது?” ஷ்யாமளா கிராஃப் பேப்பரை மடித்தாள். “நான் என் தட்டைப் பார்த்தா எவ்வளவு இருக்குன்னுதான் தெரியறது. அவ தட்டைப் பார்த்தா எவ்வளவு மிச்சம்னுதான் தெரியறது. அவ என்னைப் பார்த்தாலோ, நான் நடிக்கறது தெரியறது.”

சாயிரா சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்பம் தட்டே வேண்டாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க. எங்க ஊருல விருந்துன்னா சஹன்தான். இம்மாம் பெரிய தாம்பாளம் ஒண்ணு. அதச் சுத்தி உக்காந்து நாலு பேரு அதுலயே கை வெச்சுத் திங்கணும். ஆரு எம்புட்டுத் தின்னாவன்னு அந்தத் தாம்பாளத்துக்கே தெரியாது.”

“ஒரே தட்டுலயா?” ஷ்யாமளாவின் ஏழு தலைமுறையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. “எச்சில் ஆயிடுமே!”

“ஆகத்தான் செய்யும். அதுல என்னா?” என்றாள் சாயிரா. “கறி மீன் கெடையாது, பயப்படாதீய. புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தாம்பாளம். நெய்ச்சோறு, பருப்பு, கத்திரிக்கா மாங்கா. எனக்கும் இது பரிச்சதான் மாமி. நாலு பேரு முன்னால, நாலு பேரு எந்திரிக்கும்போது நானும் எந்திரிக்கணும்லா?”

சந்திரமௌலியைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் பிடித்தது. “எச்சில், தோல் பட்டறை, தாராவி. ஒரே நாள்ல மூணும் தாங்குமாடி?” என்று புலம்பினான். ஷ்யாமளா கிராஃப் பேப்பரில் விழுந்துகிடந்த பச்சைக் கோட்டைக் காட்டினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. ஏணியடியில் மன்சூர் அலி கையைப் பிடித்து வரவேற்றார். சந்திரமௌலி மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, “என்ன சார், தோல் வாசனை பிடிக்கலியோ? ஒங்க இடுப்புல இருக்க பெல்ட்டு நம்ம பட்டறைச் சரக்குதான்” என்றார். சந்திரமௌலி பெல்ட்டைப் பார்த்தான், வயிற்றை உள்ளே இழுத்தான், பேச்சை மழைக்கு மாற்றினான்.

மேலே பாய் விரித்திருந்தது. ஒரு மூலையில் ஆண்களுக்கு ஒரு சஹன். இன்னொரு மூலையில் சாயிரா, ரஷீதா, ஷ்யாமளா, அபி நாலு பேருக்கும் ஒன்று. சாயிரா கூஜாவிலிருந்து எல்லோருக்கும் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தாம்பாளம் வந்தது. அதைத் தாம்பாளம் என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதில் ஒரு மோட்டார் காரை நிறுத்தியிருக்கலாம். நடுவில் நெய்ச்சோறு ஆவி பறக்க மலையாக நின்றது. உச்சியில் அப்பளங்கள்.

ஷ்யாமளாவின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போய்த் தலைப்பைச் செருகியது. வாய் அதுவாகவே திறந்தது. “நீங்க சாப்பிடுங்கோ, நான்...”

“நானும் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்” என்றாள் அபி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

சாயிரா தாம்பாளத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “இங்க அப்பறம்னு ஒண்ணு கெடையாது, பாத்துக்க. நாலு பேரும் உக்காந்தாத்தான் கை வெக்கலாம். எந்திரிச்சா காலியாயிரும்.”

அபி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா சாப்பிட்டா நான் சாப்பிடறேன்.”

ஷ்யாமளா உட்கார்ந்தாள். தலைக்குள் மிஷின் கிளம்பிவிட்டது. சிவப்புப் பல்பு, பச்சைப் பல்பு, சக்கரம் கிர்ரென்று சுற்றியது. இதில் என் பங்கு எவ்வளவு? எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? அவள் கண் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பங்கும் இல்லை, பாத்தியும் இல்லை. எல்லாம் எல்லோருடையதுமாக ஒரே சோறு. சக்கரம் சுற்றியது, சுற்றியது, நிற்க நம்பர் கிடைக்கவில்லை. பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எதிரே அபியின் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஷ்யாமளா கையை விட்டாள். சோறு சுட்டது. நெய்யும் பட்டையும் கிராம்புமாக, மாங்காயின் புளிப்பு ஓரத்தில் பட்டு, அது நாக்கில் இறங்கியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தோடுகூட வேறொன்றும் இருந்தது; அதன் பெயர் ருசி என்று ஞாபகம் வர அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

“ஐயோ சாயிரா! கத்திரிக்காயில என்ன போட்டேள்?”

இந்த ‘ஐயோ’வில் நடிப்பு இல்லை. அபிக்கு அது தெரிந்தது. கை முன்னால் வந்தது.

முதல் மூன்று வாய்க்கு அபி அம்மாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். நாலாவது வாய்க்கு ரஷீதா உச்சி அப்பளத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், போர் மூண்டது. “ஏய், அது என்னோடது!” “பேரு எழுதியிருக்கா?” “இந்தப் பக்கத்துப் பருப்பு எனக்கு!” “நான் கெணறு தோண்டிட்டேன், அது எனக்கு!” நெய்ச்சோற்று மலையில் இரண்டு பக்கமும் சுரங்கம் வெட்டினார்கள். நடுவில் கைகள் சந்தித்தபோது எழுந்த கூச்சலில் கீழே தையல் மிஷின்கள் நின்றன. அம்மாவைப் பார்க்க அபிக்கு மறந்தே போனது. ஷ்யாமளாவுக்கும் அபியின் வாயைப் பார்க்க மறந்துபோனது. தன் பக்கம் கத்திரிக்காய் தீர்ந்துவிட்டதே என்ற கவலை அவளுக்கு!

மறு மூலையில் சந்திரமௌலி தாம்பாளத்து நடுவே சுட்டுவிரலால் நேராக ஓர் எல்லைக்கோடு கிழித்திருந்தான். ரயில்வேக்காரன் போட்ட கோடு, நூல் பிடித்தாற்போல இருந்தது. மன்சூர் அலி மரியாதையாகக் கோட்டுக்கு அந்தப் பக்கமே சாப்பிட்டார். ஆனால் பருப்புக்கு யார் சொல்வது? அது கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சந்திரமௌலி அணை கட்டினான், அணை உடைந்தது. கடைசியில் பருப்பைத் துரத்திக்கொண்டு அவன் கையே எல்லை தாண்டிப் போய், மன்சூர் அலி பக்கத்து மாங்காயோடு திரும்பி வந்தது.

“சார், அது எங்க நாட்டு மாங்கா.”

“மன்னிக்கணும். ரொம்ப நன்னா இருக்கு. இன்னொண்ணு இருக்கா?”

எல்லோரும் கை நிறுத்தியபோது சாயிராவின் கை மட்டும் இன்னொரு தடவை தாம்பாளத்தின் ஓரத்துக்குப் போனது. விரல்கள் அங்கேயே நின்றன. ஷ்யாமளா தன் சோற்றுக் கையாலேயே அவள் மணிக்கட்டைத் தொட்டாள், அவ்வளவுதான். சாயிரா மூச்சை விட்டுச் சிரித்தாள். “எந்திரிப்போமா மாமி?” இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

“எவ்வளவு சாப்பிட்டே அபி?” என்று கேட்க சந்திரமௌலி வாயைத் திறந்தான். ஷ்யாமளா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மாட்டுங்காவில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. பிளாட்பாரத்து மிஷின் பல்புகளைச் சிமிட்டிக் கூப்பிட்டது. ஷ்யாமளாவின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது; பத்து வருஷத்துப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் போகுமா? அவள் நின்றாள். அவள் நிற்பதை அபி பார்த்தாள்.

“ஏறப் போறியாம்மா?”

ஷ்யாமளா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அபியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மிஷினில் ஏறினாள். “ஏன்னா, நீங்களும் வாங்கோ!”

“ஒருத்தர்தான் ஏறணும்னு எழுதியிருக்கு, ஷ்யாமளா. நான் ரயில்வேக்காரன்...”

“வாங்கோன்னா!”

அவனும் தொற்றிக்கொண்டான். மூன்று பேரையும் தாங்கிய மிஷின் முனகியது, இருமியது, அதன் அத்தனை பல்புகளும் தீபாவளி கொண்டாடின. சர்ச்கேட்டில் விளக்கு மங்கியதாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். டக்கென்று டிக்கெட் விழுந்தது. அபி நம்பரைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“இதுல அம்மா எவ்வளவு, அப்பா எவ்வளவு, நான் எவ்வளவு?”

சந்திரமௌலி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

“கணக்குப் போட்டேள்னா வெந்தயக் குழம்பு கிடையாது” என்றாள் ஷ்யாமளா. பேனா உள்ளே போனது.

அபி மறு பக்கத்தைத் திருப்பினாள். “‘வெளிநாட்டுப் பயணம் உண்டு’ன்னு போட்டிருக்குப்பா!”

“அதான் மத்தியானமே எல்லை தாண்டிட்டு வந்தாச்சே” என்றான் சந்திரமௌலி.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமே இரண்டு நாள் ஷ்யாமளாவின் கை இடுப்புக்குப் போனது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னாள். ஆனால் கல்யாணச் சீர் தாம்பாளம் பரண் மேலிருந்து இறங்கிவிட்டது. ராங்க் வாங்கும் டைம்டேபிள் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. ஒரே குழம்பு, ஒரே கறி, மூன்று கை. அபியின் டப்பா ஒரு நாள் பாதி காலியாக வந்தது, ஒரு நாள் முழுக்கக் காலியாக, ஒரு நாள் அப்படியே. யாரும் கோடு போடவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸிலிருந்து வந்த ஷ்யாமளா மறுபடியும் கதவருகில் நின்றாள். கூடத்தில் அதே நாலு பொம்மைகள். ஆனால் வரிசையில் இல்லை. நடுவில் எவர்சில்வர் தட்டு ஒன்று, அதில் தயிர் சாதம். அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தன. வட்டத்தில் ஐந்தாவது ஆளாக அபி, கன்னமெல்லாம் தயிராக. கரடி பொம்மை எழுந்திருக்கப் பார்த்ததோ என்னவோ, அதன் காதைப் பிடித்து உட்காரவைத்து, தாராவித் தமிழில் அதட்டினாள்:

“ஏ புள்ள, அப்பறம்லாம் கெடையாது. எந்திரிச்சா காலியாயிரும், பாத்துக்க!”

ஷ்யாமளா கைப்பையை வாசலிலேயே போட்டாள். பசிக்கிறதா என்று தன் வயிற்றைக் கேட்டுப் பார்த்தாள். பத்து வருஷமாக யாரும் விசாரிக்காத வயிறு. கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொன்னது.

“அபி, தள்ளி உட்காரு” என்றாள். “கரடியையும் கொஞ்சம் நகரச் சொல்லு. எனக்கும் பசிக்கறது.”